வரலாற்று மாணவருக்கு இணைய வேலை எதற்கு?

மண்டபம் மேகலை:
கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். இந்த ஆண்டு இரண்டாமாண்டு பி.ஏ. மாணவர்களுக்கு அசைன்மென்டுக்குப் பதிலாக வேறு வேலை கொடுக்க நினைக்கிறேன். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயலைக் கண்டவர்களைத் தேடிப்போய்ப் பேச்சைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, துறையின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அன்று பத்து வயதாக இருந்தவர்களுக்கே எழுபது தாண்டிவிட்டது. "நமக்கு எதற்கு வெப்சைட் வேலை" என்று துறைக்குள் எதிர்ப்பு. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

தொண்டித் தமிழாசிரியர்:
நானும் எதிர்க்கிறேன் மேடம். ஆடியோவை வெட்டுவது, ஏற்றுவது, பாஸ்வேர்டு மறந்து அலைவது என்று பருவத்தில் பாதி போய்விடும். அப்புறம் படிப்பது எப்போது? அகநானூறு 70-ல் வரும் 'கோடி' நம் தனுஷ்கோடிதான் என்று பலர் கருதுவதைச் சொன்னதும் என் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அதற்குப் புத்தகம் ஒன்று போதும். மதுரைத் திட்டம் 1998 முதல் பழைய நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது, பெரிய தொண்டு. ஆனால் சங்கப்பாட்டின் மூலத்தை மட்டும் திரையில் காட்டிவிட்டால் பாடம் நடத்தியதாகாது.

பாம்பன் மாணவி:
சார், எங்கள் அசைன்மென்டை யார் படிக்கிறார்கள்? சீனியர் நோட்டைப் பார்த்து எழுதுகிறோம், கையெழுத்து விழுகிறது, பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். ரயில் பாலம் 1914-ல் திறந்ததற்குச் சான்று எங்கே என்று முகம் தெரியாத ஒருவர் கேட்டார். ஊருக்கே தெரிந்த விஷயம்தான், ஆனாலும் நூலகத்தில் தேடி எடுத்துக் கொடுத்தேன். அடிக்குறிப்பு எதற்கென்று எந்த வகுப்பிலும் எனக்கு இவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

தங்கச்சிமடம் ராயன்:
டீச்சர், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். வீட்டில் வருமானம் நிற்கும்போது முதலில் நிற்பது போன் ரீசார்ஜ்தான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெரியவர்கள் பேச உட்கார்ந்தால் புயலோடு நிறுத்த மாட்டார்கள். கச்சத்தீவு வரும், எங்கே வலை விட்டோம், எந்தப் படகு பிடிபட்டது எல்லாம் வரும். பெயரோடும் குரலோடும் அதை ஊருலகம் கேட்கும்படி வைத்தால், நாளைக்கு ஒரு வழக்கில் அவர் குடும்பத்துக்கே வினையாகலாம். கடலுக்குப் போகிறவன் பிழைப்பு இது.

மண்டபம் மேகலை:
ராயன், உங்கள் கேள்வி சரியானது. இணையத்தில் போனதைத் திரும்பப் பிடிக்க முடியாது. அதனால் பதிவு முதலில் கல்லூரிக் கணினியில்தான் இருக்கும். பேசியவருக்கே போட்டுக் காட்டி, அவர் வேண்டாம் என்பதை வெட்டிய பிறகே வெளியே போகும். கடல் எல்லை தாண்டிப் போனது பற்றிய பேச்சை அவரே சம்மதித்தாலும் ஏற்ற மாட்டோம். வேலையை ஜூலையில் ஆரம்பித்து, எல்லாவற்றையும் லேபிலேயே முடிக்கலாம்; மாணவர் கையிலிருந்து டேட்டா செலவாகாது.

தொண்டி சார், ஒரு மணி நேரப் பேச்சைப் பிசகாமல் எழுத நாலைந்து மணி நேரம் ஆகும். திரும்பத் திரும்பக் கேட்டு, எங்கே தயங்கினார், எதை மாற்றிச் சொன்னார் என்று பார்ப்பதும் வாசிப்புதான்.

தொண்டித் தமிழாசிரியர்:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்வதெல்லாம் நேர்காணலுக்கான நியாயம். டேப் ரெக்கார்டர் காலத்திலேயே அதைச் செய்தார்கள். நீங்கள் பணிமாறிப் போனால் அந்தத் தளத்துக்கு வருடா வருடம் யார் பணம் கட்டுவார்கள்? அப்படி மூடிப்போன துறைத் தளங்களைப் பார்த்திருக்கிறேன்.

பாம்பன் மாணவி:
அந்தக் கேசட்டுகளை இன்று யாரால் கேட்க முடிகிறது சார்? கடலுக்கு அந்தப் பக்கம் 1981-ல் யாழ்ப்பாண நூலகமே எரிந்தது. 2005-ல் தொடங்கிய 'நூலகம்' திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் சேர்த்துவைத்ததால்தான் நான் இங்கே உட்கார்ந்து படிக்கிறேன். கல்லூரித் தளத்தை மட்டும் நம்பாமல் இணைய ஆவணகங்களிலும் ஒரு பிரதி வைக்கலாமே.

தங்கச்சிமடம் ராயன்:
பிரதி எத்தனை வேண்டுமானாலும் வையுங்கள். ஒப்புதல் படிவத்தை மட்டும் வெறுமனே நீட்டிக் கைநாட்டு வாங்காதீர்கள், வரிக்கு வரி வாசித்துக் காட்டுங்கள். முதலில் மீனவர் சங்கத்தில் வந்து பேசுங்கள் டீச்சர். அவர்கள் சரி என்றால், புயலைப் பார்த்த பெரியவர்களிடம் நானே கூட்டிப்போகிறேன்.