அந்தப் பாட்டில் துரை வரவே இல்லை

மூணாறு பக்கம் ஒரு எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். வெள்ளைக்காரன் காலத்துப் பாடம் வந்தாலே கடைசி பெஞ்சு கொட்டாவி விடும். 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சார் அரச குடும்பத்திடம் இந்த மலையைக் குத்தகைக்கு வாங்கினார் என்று போர்டில் எழுதினால் எழுதிக்கொள்வார்கள். அவ்வளவுதான்.

போன வருஷம் பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’ வாசித்தேன். பிஜித் தீவுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன பெண்களைப் பற்றிய பாட்டு. “விம்மி விம்மி விம்மி விம்மியழுங் குரல் கேட்டிருப்பாய் காற்றே” என்ற இடத்தில் ஒருத்தன் கையைத் தூக்கினான்.

“சார், பாரதியார் பிஜிக்குப் போனாரா?”

போகவில்லை என்றேன்.

“அதான் காத்துகிட்ட கேக்குறாரா?”

இத்தனை வருஷம் அந்தப் பாட்டைப் படித்தும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை. 1879இல் போன முதல் கப்பல், 1920இல் ரத்தான ஒப்பந்தம், இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. அழுததை யார் எழுதி வைத்தார்கள்? அன்றைக்கு மணி அடித்தும் வகுப்பு கலையவில்லை.

அப்புறம் ஒரு மாணவி தன் லயத்துக்கு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீட்டுக்கு, கூட்டிப் போனாள். அவள் பாட்டிக்கு எண்பதுக்கு மேல். பாரதி பாட்டைக் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் எழுதியிருக்காரு. ஆனா அழுதுகிட்டே இருந்தா கொழுந்து யாரு கிள்ளுறது?” என்றார். பிறகு, அவருடைய அம்மா தேயிலைக் காட்டில் பாடியதென்று ஒன்றை எடுத்துவிட்டார். முன்பணம் கொடுத்துப் போடி வழியாக மலையேற்றிய கங்காணி, நிறுவையில் கூடையை எப்படி அமுக்குவான், சம்பளத்தில் எப்படிப் பிடிப்பான் என்று அடிக்கு அடி வசவு. சிரித்துச் சிரித்துப் பாடினார்.

மறுநாள் அந்த மாணவி கேட்டாள்: “சார், இதுல துரையே வரலையே?” கம்பெனி, கங்காணி, கடன் என்று அன்றைக்குத்தான் என்னால் ஒழுங்காகப் பாடம் நடத்த முடிந்தது.

— — —

மறுமொழி: அந்தப் பாட்டைப் பதிவு செய்தீர்களா சார்? இங்கே போடுங்களேன்.

— — —

போனை எடுத்ததுமே பாட்டி வாயை மூடிக்கொண்டார். “அந்தக் கங்காணி பேரன் மூணாவது லயத்துலதான் இருக்கான். தண்ணி பிடிக்கிற எடத்துல தினமும் மூஞ்சியப் பாக்கணும்யா.”