நான்கு அட்டைச் சோதனையில் தடுமாறும் நாம் அன்றாட வாழ்வில் எப்படிச் சரியாகச் சிந்திக்கிறோம்?

கேள்வி (உளவியல் மாணவி, சென்னை):
உளவியலாளர் பீட்டர் வேசன் 1966இல் வெளியிட்ட சோதனையில், ஒருபுறம் எழுத்தும் மறுபுறம் எண்ணும் கொண்ட நான்கு அட்டைகள், ஓர் உயிரெழுத்து, ஒரு மெய்யெழுத்து, 4, 7 ஆகியவை மட்டும் தெரியும்படி வைக்கப்படுகின்றன; "ஒருபுறம் உயிரெழுத்து இருந்தால் மறுபுறம் இரட்டைப்படை எண் இருக்கும்" என்ற விதியைச் சரிபார்க்க எந்த அட்டைகளைப் புரட்ட வேண்டும் என்பதற்கு மிகச் சிலரே சரியாக விடையளிக்கிறார்கள். நமக்குத் தருக்கச் சிந்தனை இல்லை என்று இதிலிருந்து முடிவு செய்யலாமா?

மறுமொழி 1:
முடிவு செய்ய இயலாது. உயிரெழுத்தையும் 7ஐயும் புரட்ட வேண்டும்; 7இன் பின்னால் உயிரெழுத்து இருந்தால் விதி மீறப்படும். பலர் உயிரெழுத்தையும் 4ஐயும் புரட்டுகிறார்கள், 4இன் பின்னால் எது இருந்தாலும் விதி மீறப்படாது என்பதைக் கவனிப்பதில்லை. ஆனால் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில், முதல் வகுப்புப் பெட்டியில் ஏறுபவரிடம் அந்த வகுப்புக்கான பயணச்சீட்டு இருக்க வேண்டும் என்ற விதியை எண்ணிப் பாருங்கள். பெட்டிக்குள் இருப்பவரின் சீட்டையும், இரண்டாம் வகுப்புச் சீட்டு வைத்திருப்பவர் எங்கே அமர்ந்திருக்கிறார் என்பதையும் பார்த்தால் போதும் என்று எவரும் சொல்லிவிடுவார். இரண்டிலும் தருக்க அமைப்பு ஒன்றேதான். 1982இல் கிரிக்ஸும் காக்ஸும் இதையே மது அருந்தும் வயது பற்றிய விதியாக மாற்றியபோது, ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் சரியாக விடையளித்தார்கள்.

மறுமொழி 2:
இத்தகைய விதிகளில் சரியாக விடையளிக்கக் காரணம் வெறும் பழக்கம் அன்று என்பதே என் கருத்து. "இதைச் செய்ய வேண்டுமானால் அதற்குரிய தகுதி வேண்டும்" என்ற அனுமதி விதியாகச் சொன்னால், அறிமுகமில்லாத விதியிலும் விடைகள் மேம்படுவதைச் செங்கும் ஹோலியோக்கும் 1985இல் காட்டினார்கள். லீடா காஸ்மிடஸ் 1989இல், ஏமாற்றுபவரைக் கண்டறியும் தனித்திறன் மனத்துக்கு உண்டு என்று வாதிட்டார்; அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

மறுமொழி 3 (கேட்டவர்):
மிக்க நன்றி, ஐயா. ரயில் விதியையே அனுமதியாகவும் வெறும் கூற்றாகவும் இரு வடிவில் எழுதி, வகுப்புத் தோழர்களிடம் கேட்டுப் பார்க்கிறேன்.