கேஸ் ஷீட்டில் கட்டம் இல்லாத விஷயங்கள்

அஸ்தம்பட்டி டியூட்டர்:

சேலத்தில் ஒரு நர்சிங் கல்லூரியில் கம்யூனிட்டி ஹெல்த் எடுக்கிறேன். வைவாவில் "ஆரோக்கியம் என்றால் என்ன?" என்று கேட்டால் போதும், 1946-ல் எழுதிய உலக சுகாதார நிறுவனச் சாசனத்தில் உள்ள வரையறை மூச்சு விடாமல் வந்து விழும். நோய் இல்லாமல் இருப்பது மட்டுமல்ல. உடல், மனம், சமூகம் மூன்றிலும் முழு நலத்தோடு இருப்பதுதான் ஆரோக்கியம். சரிம்மா, உன் வார்டில் மூன்றாவது பெட்டில் இருக்கும் அம்மாவுக்குச் சமூகம் என்ன பண்ணியிருக்கிறது என்று கேட்டால், பிள்ளை ஃபேனைப் பார்க்கும்.

பிள்ளைகளைச் சொல்லிக் குற்றமில்லை. சோசியாலஜியும் சைக்காலஜியும் முதல் செமஸ்டரிலேயே முடிந்துவிடுகின்றன. வார்டு பழகுவதற்குள் பரீட்சை எழுதி, பாஸாகி, மறந்தும் போய்விடுகிறது.

அடுத்து ஒரு பேட்சை ஏற்காட்டுக்குப் போஸ்டிங் கூட்டிப் போகிறேன். அதற்கு முன்னால் வகுப்பில் படித்துக் காட்ட எனக்கு நிஜ அனுபவங்கள் வேண்டும். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தும், மருந்தைச் சரியாகக் கொடுத்தும், வேறு எதனாலோ சிகிச்சை நின்றுபோன கேஸ் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். ஆள் அடையாளம் தெரிகிற மாதிரி மட்டும் வேண்டாம்.

முன்னாள் ஹவுஸ் சர்ஜன்:

என்னிடம் ஒன்று இருக்கிறது மேடம். பி.எஸ்.எம். (சமூக மருத்துவம்) போஸ்டிங்கில் பார்த்தது. விசைத்தறி ஓட்டுகிறவர், வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். நுரையீரல் காசநோய், ஆறு மாத மருந்து. முதல் இரண்டு மாதம் ஒழுங்காக வந்தார். இருமல் நின்றது, எடையும் கொஞ்சம் ஏறியது. அப்புறம் ஆளைக் காணோம். உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்திவிடுவது இந்த நோயில் அடிக்கடி நடப்பதுதான். பாதியில் விட்டால் மருந்துக்கு அடங்காத கிருமியாக மாறித் திரும்பி வரும் ஆபத்து உண்டு. அதனால் தேடினோம். அவர் புதிதாகக் கொடுத்திருந்த முகவரியில் அப்படி ஒரு ஆளே இல்லை.

கண்டுபிடித்தது எங்கள் டி.பி. சூப்பர்வைசர் அண்ணன். தறிக்குடோன் பக்கத்து டீக்கடையில் போய் உட்கார்ந்து, மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நூல் விலை, கரண்ட் கட் என்று பேசிக்கொண்டே இருந்திருக்கிறார். இரண்டாவது டீயில் விஷயம் வெளியே வந்தது. அவருடைய மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, காசநோய் ஒழிப்பு என்று எழுதிய ஜீப் ஒன்று அவர் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறது. சாயங்காலமே பக்கத்து வீட்டில், "என்னங்க, உங்க வீட்டுக்கா ஜீப்பு வந்துச்சு?" என்று கேட்டார்களாம். மனுஷன் ஜீப்புக்குப் பயந்துதான் மாத்திரையை விட்டிருக்கிறார்.

அதற்கப்புறம் சனிக்கிழமைகளில் அவர் கூலி வாங்கப் போகும் பக்கத்திலிருந்த வேறொரு சுகாதார நிலையத்துக்கு மருந்தை மாற்றினார்கள். அண்ணன் தன் சொந்த வண்டியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். வீட்டில் மற்றவர்களுக்கும் பரிசோதனை செய்ய வேண்டும் இல்லையா, அதற்கு அந்தத் தறிக்காரரே ஒவ்வொருவராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார். கோர்ஸை முடித்துவிட்டார்.

ஊட்டச்சத்துக்கு என்று அரசு மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் போடும் (2018-ல் தொடங்கியது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆகிவிட்டது). அதைக் கடைசி வரைக்கும் வாங்க மாட்டேன் என்றார். பாஸ்புக்கில் என்ட்ரி போடுவது மகனாம், எதற்கு வந்த பணம் என்று கேட்பானாம்.

இந்தக் கேஸை நாங்கள் பிரசன்ட் பண்ணினோம். குப்புசாமி அளவுகோல்படி குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, குடும்ப வருமானம் எல்லாம் கூட்டி எந்த வர்க்கம் என்று சொன்னோம். கணக்கு சரியாகவே வந்தது. பெண் பார்க்கும் படலத்துக்கு அதில் மார்க் இல்லை.

மலை சப்-சென்டர் நர்ஸ்:

டீச்சர், நீங்கள் மலைக்கு வருவதாக இருந்தால் இதைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எங்கள் பக்கம் பெண்களில் நிறையப் பேர் எஸ்டேட் வேலைக்குத்தான் போகிறார்கள். நவம்பர் வாக்கில் காப்பிப் பழம் பறிப்பு தொடங்கினால் தை, மாசி வரை இழுக்கும். பறிப்பு நேரத்தில் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஒரு அம்மாவுக்கு ரத்த அழுத்தம். இரண்டு மாத்திரை போய்க்கொண்டிருந்தது: அம்லோடிபின் ஒன்று, சிறுநீர் பிரிய வைக்கும் மாத்திரை ஒன்று. மாத்திரையை வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறோம் (மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் வந்ததிலிருந்து), அதனால் கிடைக்கவில்லை என்ற பேச்சே இல்லை. "சாப்பிடறீங்களா?" என்றால், "சாப்பிடறேன் சிஸ்டர்" என்பார். ஆனால் பி.பி. இறங்கவே இல்லை. மெடிக்கல் ஆபீசர் மூன்றாவதாக ஒரு மாத்திரை சேர்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் கீழே இருந்து ஒரு காலேஜ் பிள்ளைகள் வந்தார்கள். ஃபேமிலி ஃபோல்டர் (வீட்டு விவரம் குறிக்கும் படிவம்) போட்டார்கள். வீடு: ஓட்டு வீடு. தண்ணீர்: குழாய். கழிப்பறை: உண்டு. மாத்திரை: ஒழுங்காக எடுக்கிறார். எல்லாக் கட்டத்திலும் டிக். அதில் ஒரு பிள்ளை மட்டும் கொல்லிமலைக்காரி. நோட்டை மூடி வைத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து, அந்த அம்மாவோடு சேர்ந்து பூண்டு உரித்துக்கொண்டே கேட்டது: "காட்டுக்கு எத்தனை மணிக்கு கெளம்புவீங்க அத்தை? எப்ப திரும்புவீங்க?" நான் பக்கத்தில்தான் நின்றேன்.

விடியக் கிளம்பினால் இருட்டக் கட்டித்தான் வருகிறார். எஸ்டேட்டில் ஒதுங்க இடம் இல்லை. மேஸ்திரி ஆண், பக்கத்துப் பாத்தியில் பறிப்பவர்களும் ஆண்கள். நடுவில் தூரமாகப் போய் வந்தால் மூட்டையில் எடை குறையும். "அந்தச் சின்ன மாத்திரையப் போட்டா நாலு தரம் போக வேண்டியிருக்கு கண்ணு. அதான் வேலை இல்லாத நாள்ல மட்டும் போட்டுக்கறேன்" என்றார். தண்ணீர் குடிப்பதையும் சாயங்காலம் வரை நிறுத்தி வைத்திருக்கிறார். அடிக்கடி நீர்க்கடுப்பு என்று வந்துகொண்டிருந்தது எதனால் என்றும் அப்போதுதான் புரிந்தது.

ஃபோல்டரில் கழிப்பறை உண்டு என்று எழுதியது பொய்யில்லை. வீட்டில் இருக்கிறது. ஆனால் பகல் முழுக்க அவர் இருக்கும் இடத்துக்கு ஃபோல்டரில் கட்டமே கிடையாது. ஃபோல்டர் போட்டவர்கள் யாரும் மலையில் காப்பி பறித்ததில்லை போல.

மெடிக்கல் ஆபீசரிடம் சொன்னதும் மூன்றாவது மாத்திரைப் பேச்சை விட்டுவிட்டு, இரண்டாவதை நிறுத்தி வேறொன்றுக்கு மாற்றினார். பி.பி. இறங்கியது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் எஸ்டேட்டில் இன்னும் ஒதுங்க இடம் வரவில்லை. 2025-ல் புதிய சட்டத்தொகுப்பு வரும் வரை இருந்த 1951-ம் வருடத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே குடிதண்ணீரும் கழிப்பறையும் எஸ்டேட்காரர் பொறுப்பு என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அது ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆட்களும் இருந்தால்தான் பொருந்தியது. மலையில் அதற்குக் கீழே எத்தனையோ சின்னத் தோட்டங்கள். மாத்திரையை மாற்ற எங்களால் முடியும், இதற்கு யாரிடம் போய் நிற்பது?

ரிட்டயர்டு வி.எச்.என். (கிராம சுகாதார நர்ஸ்):

நான் பழைய ஆள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் நம்ம சேலம் மாவட்டத்தில்தான் முதலில் வந்தது, பெண் சிசுக்கொலையைத் தடுக்கத்தான் வந்தது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் எங்களுக்குக் கொடுத்த பயிற்சியெல்லாம் கர்ப்பிணி பதிவு, எடை, ஊசி, எத்தனையாவது பிரசவம், இவைதான். இரண்டு பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால், அந்த வீட்டுக்குள் எப்படிப் போய் உட்காருவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நானாகக் கற்றுக்கொண்டது ஒன்று. பிள்ளை பெற்றவளிடம் நேராகப் போகக் கூடாது. மாமியாரிடம் போக வேண்டும். "ஆயா, உங்களுக்கு எத்தனை பிரசவம்? யாரு பார்த்தாங்க?" என்று ஆரம்பித்தால், அந்தம்மா தன் கதையைச் சொல்லும். எத்தனை தங்கினது, எத்தனை போனது, தன் மாமியார் என்ன பேசினாள் எல்லாம் வரும். சொல்லி முடிக்கும்போது குரலே மாறியிருக்கும். அப்புறம்தான் உள்ளே போய்ப் பச்சை உடம்புக்காரியைப் பார்ப்பேன். அவள் சாப்பிடாமல், யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தால், அதைப் பிள்ளை பெற்ற களைப்பு என்று விட்டுவிட மாட்டேன். இப்போது அதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு என்று பெயர் சொல்கிறார்கள், மருந்து இருக்கிறது, ஆலோசனை இருக்கிறது. அன்றைக்கு எங்களிடம் இருந்ததெல்லாம் மறுநாளும் போய் உட்காருவதுதான்.

மூன்றாம் வருஷம்:

அக்கா, நோயாளியைப் பற்றி எல்லோரும் எழுதுகிறீர்கள். நான் எங்களைப் பற்றி எழுதலாமா?

முதல் இறப்பை நான் மெடிக்கல் வார்டில் பார்த்தேன். காலையில் தலை வாரிவிட்ட பாட்டி. உடலைச் சுத்தம் செய்து, கட்டி, சொந்தக்காரர்களிடம் ஒப்படைக்கும் வரைக்கும் சிஸ்டர் சொன்னதை எல்லாம் செய்தேன். முடிந்ததும், "போய்ச் சாப்பிட்டு வா, ரெண்டு மணிக்கு மருந்து ரவுண்டு" என்றார்கள். மெஸ்ஸில் சோற்றைக் கையில் எடுக்க முடியவில்லை. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்று முதல் வருடமே மனப்பாடம் பண்ணியிருக்கிறேன். அது சொந்தக்காரர்களுக்கு வருவது என்றுதான் நினைத்திருந்தேன்.

ஹாஸ்டலில் அழுதால், "இதுக்கே இப்படின்னா ஐ.சி.யூ.வில என்ன பண்ணுவே?" என்பார்கள். பெண்ணாகரம் பக்கத்திலிருந்து வந்த என் ரூம்மேட் அழவும் இல்லை. இரண்டு வாரம் சரியாகத் தூங்காமல், கடைசியில் வீட்டுக்குப் போகிறேன் என்று பெட்டியைக் கட்டிவிட்டாள். ஒரு நைட் ஸ்டாஃப் அக்காதான் அவளைக் கேன்டீனுக்குக் கூட்டிப் போய், தன் முதல் கேஸை முழுசாகச் சொன்னார்கள். 14416 என்று ஒரு நம்பர் இருப்பதும் அவர்கள் சொல்லித்தான் தெரியும். டெலி-மானஸ், மத்திய அரசுடையது, தமிழிலும் பேசலாம். அவள் பேசினாள். இப்போது என்னோடு ஃபைனலுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அஸ்தம்பட்டி டியூட்டர்:

நல்லவேளை எழுதினாய் கண்ணு. இறப்பு நடந்த அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளைகளை அரைமணி நேரம் உட்கார வைத்துப் பேசுவது என்பது க்ளினிக்கல் டைம்டேபிளில் இருக்க வேண்டிய விஷயம். நல்ல மனசுள்ள நைட் ஸ்டாஃப் யாராவது டியூட்டியில் இருந்தால் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை என்று விட முடியாது.

ஓ.பி. டாக்டர்:

எல்லாம் படித்தேன். நெகிழ்ச்சியாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கசப்பாகப் பேசுகிறேன், மன்னிக்கவும்.

உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துத்தான் நோயைப் பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் எங்கல் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியது 1977-ல். அரை நூற்றாண்டு ஆகப் போகிறது. நம் நாட்டில் 2019-ல் சேர்ந்த எம்.பி.பி.எஸ். பேட்சிலிருந்து மனப்பான்மை, நெறிமுறை, தொடர்பாடல் என்று தனி மாட்யூலே வைத்துவிட்டார்கள். 2022 முதல் மாணவர்கள் முதல் வருடத்திலிருந்தே கிராமத்தில் சில குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து பார்க்க வேண்டும். பிள்ளைகள் அருமையாகச் செய்கிறார்கள், பொய் சொல்லவில்லை. அப்புறம் ஹவுஸ் சர்ஜனாக என் ஓ.பி.க்கு வருகிறார்கள். வாசலுக்கு வெளியே வரிசை நிற்கிறது, ஆளுக்கு இரண்டு நிமிடம். ஒரே மாதத்தில் என்னை மாதிரியே ஆகிவிடுகிறார்கள். அந்தக் கொல்லிமலைப் பெண் பூண்டு உரித்த நேரத்தில் நான் இருபது பேரைப் பார்த்து முடித்திருப்பேன்.

மலை சப்-சென்டர் நர்ஸ்:

சார், உங்களைப் பூண்டு உரிக்கச் சொல்லவில்லை. அதைச் செய்ய நாங்கள் இருக்கிறோம். நாங்கள் கண்டுபிடித்ததை நீங்கள் எங்கே படிப்பீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த அம்மா கேஸில் மெடிக்கல் ஆபீசர் எனக்குத் தெரிந்தவர், போன் பண்ணிச் சொன்னேன். கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் யாரிடம் சொல்லியிருப்பேன்? ரெஃபரல் சீட்டின் பின்பக்கம் எழுதி அனுப்பிப் பார்த்திருக்கிறேன், யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஓ.பி. டாக்டர்:

பின்பக்கத்தை யாரும் திருப்புவதில்லை சிஸ்டர், அதுதான் உண்மை. முன்பக்கத்திலேயே, பி.பி. எழுதுகிற இடத்துக்குப் பக்கத்தில் எழுதுங்கள். "வேலையிடத்தில் கழிப்பறை இல்லை, நீர் மாத்திரை விடுகிறார்." இவ்வளவு போதும். பி.பி.யைப் பார்க்கும்போது கண் தானாக அங்கே போகும். என் யூனிட் ஹவுஸ் சர்ஜன்களிடமும் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

மலை சப்-சென்டர் நர்ஸ்:

தமிழில் எழுதலாமா சார்?

ஓ.பி. டாக்டர்:

தாராளமாக. கையெழுத்து மட்டும் புரிகிற மாதிரி இருக்கட்டும்.

மூன்றாம் வருஷம்:

கையெழுத்தைப் பற்றி ஒரு டாக்டர் சொல்கிறார், எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.