79 ஹயஸ் வானுக்கு ஏஈ86 எஞ்சின் ஏத்தினா சரிவருமோ?

மாங்குளத்தான்:

வணக்கம் அண்ணைமார். அப்பான்ர ஹயஸ் வான் ஒண்டு வளவுக்க நிக்குது, 79 ஆம் ஆண்டு, ரெண்டாவது மொடல், 12ஆர் பெற்றோல் எஞ்சின், கியர் ஸ்ரியறிங்கில, பழைய ஸ்ரீ நம்பர் பிளேட். மல்லாவியில இருந்து ஹயர் ஓடினது. மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல், கலியாணவீடு, செத்தவீடு, பிள்ளைப்பெறு எண்டு எங்கட பக்கத்தில பாதிச் சனம் இதில ஏறி இருக்கும். 2006 ஆகஸ்ட்டில ஏ9 ரோட்டைப் பூட்டேக்க வான் வேலைக்கெண்டு வவுனியாவில மாமான்ர வீட்டில நிண்டது, அதால தப்பீட்டுது, இஞ்சால நிண்டிருந்தா மற்ற வாகனங்களோட சேந்து புதுமாத்தளனில தான் கிடந்திருக்கும்.

எஞ்சின் இப்ப இறுகிப்போச்சு, எட்டு வருசமா ஸ்ராட் பண்ணேல்ல. கொழும்பில இருக்கிற மச்சான் பஞ்சிகாவத்தைப் பழைய சாமான் கடையில ஒரு 4ஏ-ஜீஈ எஞ்சின் பாத்து வைச்சிருக்கிறான், ஏஈ86 லெவின் காரில கழட்டினதாம், 5 கியர் பொக்ஸ், ஈசியூ (எஞ்சின்ர மூளை), வயறிங் எல்லாத்தோடயும். 12ஆர் உம் 1587 சீசீ, 4ஏ உம் 1587 சீசீ. ஒரே அளவு தானே, பேந்தென்ன எண்டு 50,000 அட்வான்ஸ் குடுத்திட்டன். வீட்டில இன்னும் சொல்லேல்ல.

ஆராவது இப்பிடி ஏத்தின ஆக்கள் இருக்கிறியளோ? மவுண்ட் எல்லாம் வெட்டி ஒட்டவேணுமோ, கிளிநொச்சி வவுனியாப் பக்கம் செய்யக்கூடின கராச் இருக்கோ? பெயின்றும் புதுசா அடிக்கவேணும். வெள்ளை மட்டும் அடியாத எண்டு அம்மா சொல்லீட்டா, அதால பழைய நீலம் தான்.

ரொறன்ரோ வன்னியான்:

சூப்பர் தம்பி, செய்யுங்கோ! இஞ்சத்தைய பெடியள் பழைய வொக்ஸ்வாகன் கொம்பி வானுக்கு சுபாரு எஞ்சின் ஏத்துறாங்கள், நான் ஒண்டில ஏறிப் போயும் இருக்கிறன். அதின்ர பழைய 1600 எஞ்சின் 50 ஹோர்ஸ் பவர் தான், சுபாரு 2.2 ஏத்தினா 130 க்குக் கிட்ட. ரெண்டும் படுத்த நாலு சிலிண்டர் எண்டபடியா பின்னுக்கு அளவா இருக்கும், நடுவில பூட்டிற அடப்ரர் பிளேட் கடையிலயே விக்கிறாங்கள். ஒரு வீக்கெண்ட் வேலை.

பழைய இரும்பு:

ரொறன்ரோத் தம்பி, ஒரு வீக்கெண்டில எஞ்சினை இறக்கலாம். ஏத்துறது வேற கதை. கொம்பி எஞ்சின் காத்தில குளிருற எஞ்சின், சுபாரு தண்ணி எஞ்சின். றேடியேற்றர் எங்க வைக்கிறது, பின்னால இருந்து முன்னுக்கு பைப் எப்பிடி இழுக்கிறது, சுபாருவின்ர ஒயில் சம்ப் கீழ தொங்குமே அதை வெட்டிக் கட்டையாக்கோணும், உதெல்லாம் உங்கட வீக்கெண்டுக்க வருமோ? அங்க கடையில வேண்டலாம். இஞ்ச பிளேட் எண்டா லேத்துக்காரன்ர வாசலில நிக்கோணும்.

மாங்குளத்தான், நான் 34 வருசமா வாகனம் திருத்துறன், சொல்லுறதைக் கோவியாமக் கேள். ரெண்டு பானையும் ஒரு கொத்து அரிசி கொள்ளும் எண்டதுக்காக ரெண்டிலயும் ஒரே மாதிரிச் சோறு வேகாது. 12ஆர் தள்ளுதடி வால்வு எஞ்சின். கீழ்ச் சுத்திலயே இழுக்கும், சனத்தை ஏத்திக்கொண்டு கிரவல் ரோட்டில ஊரட்டும் எண்டு தான் அதைச் செய்தவன். 4ஏ-ஜீஈ 16 வால்வு, மேல ரெண்டு கேம், யமஹாக்காரனும் சேந்து செய்த ஹெட். 130 ஹோர்ஸ் பவர் எண்டு போட்டிருப்பான், ஓம் உண்மை தான், ஆனா அது நிமிசத்துக்கு 6600 சுத்தில. இழுவை உச்சம் 5200 சுத்தில.

இப்ப கணக்குப் பார். பின் டிஃப் விகிதம் ஒரு பேச்சுக்கு 4.5 எண்டு வை, டயர் ஒருக்காச் சுத்தினா 2 மீற்றர் போகும் எண்டு வை. ஏ9 இல 70 இல போகேக்க நாலாம் கியரில எஞ்சின் 2600 சுத்தில நிக்கும். அந்த 5200 ஐப் பிடிக்க நீ 140 இல போகோணும். பன்னிரண்டு பேரை ஏத்திக்கொண்டு, அந்த வானில, 140. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் ஒண்டு காணாது, ஒரு மூட்டை உடைக்கோணும்.

இழுவை இல்லாட்டி என்ன செய்வாய், கியரைக் குறைச்சு மிதிப்பாய். எஞ்சின் பெட்டி உன்ர இடுப்புக்குப் பக்கத்தில. சத்தமும் சூடும் உனக்குத் தான்.

இன்னொண்டு. உன்ர அப்பா பொருளாதாரத் தடைக் காலத்தில அதை மண்ணெண்ணையில தானே ஓட்டி இருப்பார்? நாங்கள் எல்லாரும் அப்பிடித் தான். குட்டிப் போத்தில் மூடியில ஓட்டை போட்டு காபரேற்றருக்க ரெண்டு பீச்சு பெற்றோல் பீச்சி ஸ்ராட் பண்ணி, சூடாக்கி, பேந்து மண்ணெண்ணைக்கு மாத்திறது. வெள்ளைப் புகையும் மணமும், கண் எரியும். எரியாத மண்ணெண்ணை சிலிண்டரால வழிஞ்சு சம்புக்க இறங்கி ஒயிலைத் தண்ணியாக்கும், அதால கொஞ்ச நாளைக்கு ஒருக்கா ஒயில் மாத்தோணும், ஒயிலுக்கு எங்க போறது. அந்த எஞ்சின் அதையும் குடிச்சிட்டு ஓடினது எண்டா கொம்பிறசன் குறைவு, காபரேற்றர், மூளை இல்லை. 4ஏ க்கு மூளை இருக்கு, இஞ்செக்சன், சென்சர். தாங்கியில கறள் இருந்தா முதல் கிழமையே இஞ்செக்ரர் அடைக்கும். பழைய பெற்றோல் பம்ப் அந்த பிறசருக்குக் காணாது, கறன்ற் பம்பும் திரும்பி வாற லைனும் போடோணும்.

மாங்குளத்தான்:

அண்ணை வயித்தைக் கலக்கிறியள். அப்ப அல்டெஸா கார் எஞ்சின் போடட்டோ? 3எஸ்-ஜீஈ, 2 லீற்றர், 210 ஹோர்ஸ் பவர், 6 கியர். மச்சான் அதுவும் எடுக்கலாம் எண்டவன்.

பழைய இரும்பு:

210 வாறது 7600 சுத்தில. நான் மேல எழுதினதை வாசிச்சனியோ இல்லையோ?

அதோட அது 11.5 கொம்பிறசன், 95 பெற்றோல் கேக்கும். எல்லாப் பெற்றோல் செட்டிலயும் 95 இல்லை. 2022 இல பெற்றோலுக்குக் கியூஆர் லைனில நிண்டதை மறந்திட்டியள் பெடியள்.

லேத் பட்டறை:

கியர் லீவரைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்ல. உங்கட வானுக்கு கியர் ஸ்ரியறிங்கில. ஏஈ86 பொக்ஸுக்கு லீவர் பொக்ஸுக்கு மேல, நிலத்தால வரும். எஞ்சின் முன் சீற்றுக்கு நடுவில நிக்குது எண்டா பொக்ஸ் அதுக்குப் பின்னால, அப்ப லீவர் எங்க வரும்? சாரதிக்குப் பின்னால, நடுச்சீற்றில இருக்கிற ஆளின்ர முழங்காலுக்குக் கிட்ட. நீங்கள் ஓட்ட ஆச்சி கியர் மாத்துவா.

வழி ரெண்டு இருக்கு. லீவரைக் கழட்டிப்போட்டு ஒரு றொட் செய்து முன்னுக்குக் கொண்டுவாறது, இல்லாட்டி கேபிள். ரெண்டும் செய்யலாம், ஆனா ஆட்டம் இருந்தா ரெண்டாம் கியருக்குப் போடப் போய் நாலாம் கியரில விழும். பழைய பொக்ஸையே வைச்சு பிளேட் செய்யிறதெண்டா எனக்கு ரெண்டு எஞ்சினும் மேசையில வேணும், நடுமையம் ஒரு மயிரளவு விலகினாலும் கிளச் நடுங்கும், இன்புட் சாஃப்ட்ர பெயரிங் போயிடும். படத்தைப் பாத்து அளவு சொல்லு எண்டு வாட்ஸப்பில கேக்காதேங்கோ, தயவுசெய்து.

புறொப்பெலர் சாஃப்ட்டும் வெட்டிக் குறைக்கோணும், குறைச்சா பலன்ஸ் பாக்கோணும்.

ஓமந்தைக் காத்து:

தம்பி நான் செய்த மடைவேலையைச் சொல்லுறன். என்னட்ட இருந்ததும் பழைய வான் தான், ஹயஸ் இல்லை, பேர் வேண்டாம். இருந்ததை விட ஒண்டரை மடங்கு பவர் எஞ்சின் ஏத்தினன், பிறேக்கைத் தொடேல்ல, நாலும் டிறம். காசு முழுக்க எஞ்சினோட முடிஞ்சுது. முதல் மாசம் தெய்வம் மாதிரி ஓடிச்சுது. ஒருநாள் இரவு கனகராயன்குளம் தாண்டி வரேக்க ரோட்டில மாடு படுத்திருக்கு, ஒண்டில்லை ஒரு பட்டி, உங்களுக்குத் தெரியும் தானே மழைக்காலத்தில சூட்டுக்கு தாரில வந்து படுக்கிறது. முதல் மிதியில பிடிச்சுது, ரெண்டாவது மிதியில பெடல் கல்லு மாதிரி இறுகி நிக்குது, வான் நிக்கேல்ல. டிறம் சூடாகினா அப்பிடித் தான். கரையில இறக்கி பாலை மரத்துக்கு ஒரு சாண் இருக்க நிப்பாட்டினன். மாடு எழும்பிப் பாக்கவே இல்லை.

இப்ப முன்னுக்கு டிஸ்க், பூஸ்ரரோட. எஞ்சினுக்கு முதல் செய்திருக்கோணும். இந்த ரோட்டில மாடும் ஒட்டுசுட்டான் நெடுங்கேணிப் பக்கம் போனா யானையும் தான் ஸ்பீட் லிமிற்.

கச்சான் சரை:

மாடு கேஸ் போடேல்லயோ அண்ணை 😂

மாங்குளம் மாங்காய்:

பேப்பர் வேலையையும் பாருங்கோ. வாகனப் புத்தகத்தில எஞ்சின் நம்பர் இருக்கு. எஞ்சின் மாறினா மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவிச்சு அதை மாத்தவேணும், அதுக்கு வேண்டின பில், எஞ்சின் நாட்டுக்குள்ள வந்த சுங்கப் பேப்பர் எல்லாம் கேப்பாங்கள். பேப்பர் இல்லாத எஞ்சின் மலிவா வரும், பேந்து அழவைக்கும். இன்சூரன்ஸ்காரனுக்கும் சொல்லுங்கோ, நம்பர் பிழைச்சா ஒரு அக்சிடன்ற் எண்டு வரேக்க கையை விரிப்பான். வருசா வருசம் லைசன்ஸ் எடுக்க புகைச் சோதனையும் இருக்கு.

எங்கட சித்தப்பா ஒருத்தர் மூண்டு வருசமா பேப்பருக்கு அலையிறார், வாகனம் கோழிக்கூடாப் போச்சு. முட்டை நல்லா இடுது எண்டுறார்.

பழைய இரும்பு:

சரி, பெடியனைப் பயப்பிடுத்தினது காணும். செய்யாத எண்டு நான் சொல்லேல்ல. 2020 இல வெளிநாட்டு வாகனம் இறக்கிறதை நிப்பாட்டினாப் பிறகு இஞ்ச எத்தினை பழசு உயிர்பெற்று எழும்பினது, உன்ரதும் எழும்பட்டும். எஞ்சினைத் தான் மாத்திச் சொல்லுறன்.

டவுன்ஏஸ் நோவா வான் தெரியும் தானே, பெற்றோல் நோவா, எஸ்ஆர்40. அதில வாறது 3எஸ்-எஃப்ஈ, 2 லீற்றர். அல்டெஸாவில வாற 3எஸ்-ஜீஈ இன்ர சொந்தச் சகோதரம், ரெண்டுக்கும் சிலிண்டர் 86, ஸ்ரோக் 86. தம்பியார் ரேஸ் ஓடப் போட்டார், இவர் குடும்பம் பாக்கிறார். 130 ஹோர்ஸ் பவர் இதிலயும் இருக்கு, அது 5400 இலயே வரும், இழுவை உச்சம் 4400 இல, அந்த இழுவையும் 18 கிலோகிராம்-மீற்றருக்கு மேல. உன்ர 4ஏ க்கு 15 தான். எல்லாத்தையும் விட முக்கியம், நோவாவிலயும் எஞ்சின் முன் சீற்றுக்குக் கீழ நெடுக்கா நிக்குது, பின் சில்லுத் தான் ஓடுது. சம்ப், மவுண்ட், சைலன்சர் எல்லாம் சீற்றுக்குக் கீழ இருக்கிறதுக்கெண்டே செய்தது. கியர் கூடுதலா ஓட்டோவாத் தான் வரும், மனுவல் கிடைச்சா விடாத. ஓட்டோ எண்டாலும் உன்ர அம்மாவை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக என்ன குறை.

உதுக்கும் வெட்டி ஒட்டிற வேலை இருக்கு, வயறிங் இருக்கு, இல்லை எண்டு சொல்லேல்ல. றேடியேற்றரை மட்டும் பெரிசாப் போடு, ரெண்டு கறன்ற் ஃபானோட, முன்னுக்கு நுளம்பு வலை மாதிரி ஒரு வலை அடி. அறுவடை நேரம் வைக்கல் தூசும் வெட்டுக்கிளியும் போய் அடைச்சா பரந்தன் தாண்ட முதல் ஊசி சிவப்புக்குப் போகும்.

ரொறன்ரோ வன்னியான்:

ஓகே ஓகே, வீக்கெண்ட் எண்டதை வாபஸ் வாங்கிறன். முன் டிஸ்க் பிறேக் செலவில பாதி என்ர. நானும் அந்த வானில மடுவுக்குப் போனனான் எண்டு நினைக்கிறன், 97 இலயோ 98 இலயோ. பின் சீற்றில சத்தி எடுத்தது நான் தான், மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

மாங்குளத்தான்:

மூண்டு கிழமை ஆச்சு, அப்டேற் ஒண்டு. அட்வான்ஸ் திருப்பித் தரமாட்டம், வேற சாமான் எடு எண்டுட்டாங்கள். அது வசதியாப் போச்சு, நோவா 3எஸ் ஒண்டு சுங்கப் பேப்பரோட சொல்லி வைச்சிருக்கு, மனுவல் பொக்ஸ் தேடுறம். அம்மாக்கு அட்வான்ஸ் கதை தெரியவந்திட்டுது, ஆர் சொன்னதெண்டு தெரியேல்ல, மச்சான் தான்.

12ஆர் ஐ நேற்று இறக்கினம். எஞ்சின் பெட்டிக்குப் பக்கத்தில, சீற்றுக் கம்பிக்கு இடையில கறுத்த துணி சுத்தி ஒண்டு செருகிக் கிடந்துது. அவிட்டுப் பாத்தா குட்டிப் போத்தில், மூடியில ஊசி ஓட்டை. பழைய இரும்பு அண்ணை சொன்ன அதே சாமான். மூடியைத் திறந்து மணந்து பாத்தன், ஒரு மணமும் இல்லை. அம்மாட்டக் குடுத்தன், கழுவி யன்னலில வைச்சிருக்கிறா.

பிறேக்கில இருந்து தொடங்கிறம். பின் டிறம் ரெண்டும் கழருதில்லை, கறள் பிடிச்சு இறுகீட்டுது. சுத்தியலால அடிச்சா உடையுமோ?

பழைய இரும்பு:

அடியாத, வெடிக்கும். ஹான்ட் பிறேக் இறக்கி இருக்கோ எண்டு முதல் பார். டிறம்மின்ர முகத்தில நட் ஓட்டையளுக்கு நடுவில ரெண்டு சின்ன ஓட்டை இருக்கும், மரை வெட்டினது, மண் மூடி இருக்கும், சுரண்டிப் பார். 8 மில்லிமீற்றர் போல்ற் ரெண்டு பூட்டி மாறி மாறி கால் சுத்து இறுக்கு. தானா வெளிய தள்ளும். ஒயில் ஊத்திப்போட்டு இரவு விட்டா இன்னும் சுகம், ஆனா லைனிங்கில பட விடாத.