மூன்றாம் சீலத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்கிறீர்கள்?

அனைவருக்கும் நமோ புத்தாய, ஜெய்பீம்! 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்கு வீட்டில் புத்த வந்தனை (வழிபாடு) பழக்குவதில் ஓர் உதவி வேண்டும்.

புத்தரை வணங்கும் 'நமோ தஸ்ஸ' மூன்று முறை, புத்தர், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடையும் திரிசரணம், ஐந்து ஒழுக்க உறுதிகளான பஞ்சசீலம் என்ற வரிசை எளிதில் படிந்துவிடுகிறது. திரிசரணத்தை இரண்டாம், மூன்றாம் முறை சொல்லும் 'துதியம்பி', 'ததியம்பி' சுற்றுகளில்தான் தடுமாறுவார்கள். பெரியவர் ஒரு வரி சொல்ல, பிள்ளை திருப்பிச் சொன்னால் சரியாகும். பிறகு 5 நிமிடம் ஆனாபானம் (மூச்சைக் கவனிக்கும் தியானம்). மூச்சைப் பத்து வரை எண்ணச் சொன்னால், எண்ணிக்கைக்காகவே இழுத்து இழுத்து விட்டுத் தலை சுற்றுகிறது என்பார்கள். வெளிமூச்சை மட்டும் ஐந்து வரை எண்ணினால் போதும்.

சிக்கல் மூன்றாம் சீலத்தில். எறும்பை நசுக்காதே, அடுத்தவர் பென்சிலை எடுக்காதே, பொய் சொல்லாதே என்று மற்றவற்றைக் காட்டிவிடலாம். 'காமேசு மிச்சாசாரா'வுக்கு (தகாத பாலியல் நடத்தையைத் தவிர்ப்பது) என்ன சொல்வது? 'ஒழுக்கமாக இரு' என்றால் குழந்தைக்கு எதுவும் புரியாது. 'யாரையும் அவர்கள் விருப்பமில்லாமல் தொடாதே, உன்னையும் தொடவிடாதே' என்று தொடங்கலாமா? பொருளைச் சுருக்குவதாகுமோ?

இன்னொன்று, புத்தரின் முற்பிறவிக் கதைகளில் ஒன்றான சச ஜாதகம். விருந்தினருக்கு உணவாகத் தன்னையே தர ஒரு முயல் தீயில் குதிக்கும். தீ முயலைச் சுடாது என்பது முடிவு. அதற்குள் சின்னதுகள் அழுதுவிடும். தானத்துக்கு வேறு எந்த ஜாதகக் கதை சொல்கிறீர்கள்? பிள்ளையின் வயதையும் சேர்த்து எழுதுங்கள்.