மாட வீதிக் கடைகள்: பழைய படம், பில் இருந்தால் தாருங்கள்

வணக்கம். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளின் சிறு கடைகளை ஒவ்வொன்றாகக் குறித்து வருகிறேன். தெற்கு மாட வீதியில் காய்கறி. நவராத்திரி வந்தால் வடக்கு மாட வீதி நெடுக கொலு பொம்மை. நடுநடுவே பூ, பித்தளைப் பாத்திரம், பரதநாட்டிய நகை. நாட்டு மருந்துக் கடையில் சுக்கு, வசம்பு, அதிமதுரம் என்று கேட்கக் கேட்கப் பொட்டலம் கட்டி நூலைச் சுண்டி அறுக்கும் அந்தக் கைவேகத்தை இன்றும் நின்று பார்ப்பேன்.

1980, 90களில் எந்தக் கடை எங்கே இருந்தது என்பதுதான் பிடிபடவில்லை. ஈயம் பூசியவர்கள், குடை ரிப்பேர் செய்தவர்கள் எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? அறுபத்து மூவர் விழாவில் எடுத்த பழைய படம் இருந்தால், பின்னால் கடைப் பலகை தெரிகிறதா பாருங்கள். அப்புறம், வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு இரண்டு வரி எழுதினாலும் பெரிய உதவி.