ஹார்ட் டிஸ்க் சுழல்கிறது, ஆனால் திறக்கவில்லை

நண்பர்களே, ஒரு உதவி. என் 2 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் அக்கா கல்யாணப் படங்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது பையன் கேபிளை உருவிவிட்டான். அன்றிலிருந்து விண்டோஸ் 10-இல் ‘திஸ் பிசி’ பக்கம் டிரைவைக் காணவே காணோம்.

விளக்கு எரிகிறது. காதை வைத்துக் கேட்டால் சீராகச் சுழலும் சத்தம்தான், ‘டக் டக்’ இல்லை. அந்த மட்டில் ஆறுதல். வேறு கேபிள், வேறு போர்ட், தம்பியின் லேப்டாப் எல்லாம் பார்த்தாயிற்று. விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் பக்கத்தில் மட்டும் 1863 ஜிபி என்று சரியாகக் காட்டுகிறது, ஆனால் என்டிஎஃப்எஸ் (விண்டோஸ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை) இருக்க வேண்டிய இடத்தில் ‘ரா’, அதாவது அடையாளம் தெரியாத அமைப்பு, என்றிருக்கிறது. டிரைவ் லெட்டர் கொடுத்தால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. பயந்துபோய் கேன்சல் அடித்துவிட்டேன். டிஸ்க் பிழைகளைச் சரிசெய்யும் செக்டிஸ்க்கும் ‘ரா’ டிரைவில் ஓடாது என்று கையை விரித்துவிட்டது.

டெஸ்ட்டிஸ்க் என்ற மீட்பு மென்பொருள் மூலம் பூட் செக்டரை (டிரைவின் அமைப்பு விவரம் இருக்கும் முதல் பகுதி) மீட்கலாம் என்கிறார்கள். நேரடியாக இதிலேயே செய்யலாமா, அல்லது முதலில் டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு வேறு டிஸ்க்குக்கு முழு நகல் எடுக்க வேண்டுமா? ஃபோட்டோரெக் என்ற இன்னொரு மீட்பு மென்பொருள் படங்களைத் தரும், ஆனால் கோப்புப் பெயர்கள் போய்விடுமே! 11,000 படங்களுக்கு யார் உட்கார்ந்து பெயர் வைப்பது? இதே நிலையில் மீட்டவர்கள் யாராவது இருந்தால், எந்த வரிசையில் செய்தீர்கள் என்று சொல்லுங்கள். அதுவரை டிஸ்க்கைக் கழற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன். அக்காவுக்கு விஷயம் இன்னும் தெரியாது.